விஞ்ஞானம் படித்தவர்களுக்கு எழுத்திலும் வேலை இருக்கிறது

விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் நியமனத்தையே பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஆராய்ச்சி நிறுவனங்களில் கட்டுரை திருத்த, மானிய விண்ணப்பம் எழுத, ஆய்வு முடிவுகளைச் சனத்துக்கு விளங்கச் சொல்ல ஆட்கள் தேவை. யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குத் திருத்திக் கொடுக்கவும் முடியும். ஆனால் சான்றிதழை விட மாதிரி எழுத்தைத்தான் கேட்பார்கள்.

மாதிரிக்கு நம் கிணற்று நீரையே எடுங்கள். குடாநாட்டு நிலத்தடி நீரில் உரத்தாலும் கழிவாலும் சேரும் நைத்திரேற்று என்ற உப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைத் தெரிவுசெய்து, தமிழில் 150 சொல், ஆங்கிலத்தில் 150 சொல் என்று சுருக்குங்கள். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கொண்டுவந்த மண் இது, தமிழ்ப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அலகில் கவனம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசன் கணக்கில், அதாவது நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் நிறையை மட்டும் எடுத்து எழுதினால் ஏறக்குறைய 11. கட்டுரையில் நைதரசன் கணக்கில் 20 என்று இருக்க, 50க்குக் குறைவுதானே என்று எழுதிவிட்டால் கூடாத தண்ணீரை நல்லதென்று சொன்னதாகிவிடும். இதைப் பிடிக்கிறவர்தான் எடிட்டர். எழுத்துப்பிழை பார்க்கக் கணினியே போதும்.

எழுதி முடித்ததும் கட்டுரையாளருக்கே மின்னஞ்சலில் அனுப்பி, கருத்து பிசகவில்லையா என்று கேளுங்கள். அநேகமானோர் சந்தோஷமாகப் பார்த்துத் தருவார்கள். அவர் திருத்திய பிரதியையும் உங்கள் முதல் பிரதியையும் சேர்த்தே விண்ணப்பத்தோடு அனுப்புங்கள்.