குறைவெப்பத்தில் ஸ்பின் தளர்வு: காந்தப்புலத்தின் பங்கைப் பிரித்து அளப்பது எப்படி

லாந்தனம் மக்னீசியம் நைட்ரேட் படிகத்தில் லாந்தனத்தில் 1% அளவுக்கு நியோடிமியத்தை மாற்றி வையுங்கள். ஆற்றலேற்றிய ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள்) அந்த ஆற்றலைப் படிகத்துக்குக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புவதே ஸ்பின் தளர்வு; அதன் வேகத்தைக் காந்தப்புலம் எப்படி மாற்றுகிறது என்று அளக்க மிகத் தோதான மாதிரி அது. லாந்தனம், மக்னீசியம் நைட்ரேட்டுகளை 2:3 மோல் விகிதத்தில் நீரில் கரைத்து, குளிர்ச்சியான இடத்தில் மெதுவாக ஆவியாக விட்டால் அறுகோணத் தகடுகளாக வளரும். படிகத்துக்குள் 24 நீர் மூலக்கூறுகள் உண்டு. அறைவெப்பத்திலேயே வெற்றிடப் பம்பைப் போட்டால் தகடு வெளுத்துப் பொடியாகிவிடும். கிரீஸ் பூசி, குளிர்ந்த பிறகு பம்பைத் திறங்கள்.

புலம் தகட்டின் தளத்தில் கிடக்கட்டும். அப்போது ஜி மதிப்பு (புலம் ஸ்பின்னின் ஆற்றலை எவ்வளவு பிரிக்கிறது என்பதன் அளவு) 2.72. ஒத்ததிர்வு, அதாவது ஸ்பின்கள் மைக்ரோவேவை உறிஞ்சும் இடம், 9.5 கிகாஹெர்ட்ஸில் 0.25 டெஸ்லாவிலும், 35 கிகாஹெர்ட்ஸில் 0.92 டெஸ்லாவிலும் வரும். நடுவிலுள்ள உயர்ந்த உறிஞ்சல் கோட்டில் அளவிடுங்கள்; சுற்றியுள்ள சின்னக் கோடுகள் நியோடிமியத்தின் ஒற்றைப்படை நிறை எண் கொண்ட ஐசோடோப்புகளுடையவை. ஒத்ததிர்வுப் புலத்தை மாற்ற அதிர்வெண்ணை மாற்றுங்கள், படிகத்தைத் திருப்பாதீர்கள். திருப்பினால் ஸ்பினுக்கும் ஃபோனானுக்கும் (படிக அதிர்வின் ஆற்றல் துணுக்கு) உள்ள பிணைப்பும் சேர்ந்தே மாறிவிடும்.

குளிர்விக்கும் திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே இறக்கியே அளவிடுங்கள். அதற்கு மேல் கொதிக்கும் குமிழிகள் ரெசனேட்டரை (மாதிரி இருக்கும் மைக்ரோவேவ் பெட்டி) கலைக்கும். இன்னும் சூடேறினால் 47 கெல்வின் உயரத்திலுள்ள அடுத்த ஆற்றல் மட்டம் வழியாகத் தளர்வு நடக்கும். அங்கே புலத்தின் கை ஓங்காது.

மைக்ரோவேவ் துடிப்பால் உறிஞ்சல் கோட்டை நிரப்பி (உறிஞ்சல் நின்றுபோகும்வரை ஸ்பின்களை மேலேற்றி), அது மீளும் வளைவைப் பதியுங்கள். தொடக்கத்து வேகமான பகுதி ஸ்பின்கள் தங்களுக்குள் ஆற்றலைப் பகிர்வது. தளர்வு நேரத்தைக் கணக்கிட வால் பகுதியைத்தான் பொருத்த வேண்டும். துடிப்பை நீட்டிக்கொண்டே போய், விடை மாறாத இடத்தில் நிறுத்துங்கள். மீள்வைக் கண்காணிக்கும் மைக்ரோவேவின் திறனை 3 டெசிபெல் குறைத்தும் அதே விடை வர வேண்டும்.

நேரடி வழியில் (ஒரு ஸ்பின் ஒரே ஃபோனானை விட்டுத் தளர்வது) தளர்வு வீதம் புலத்தின் நான்காம் படியோடு ஏறும். இரண்டு புலங்களுக்கும் இடையே 184 மடங்கு. ஆனால் 35 கிகாஹெர்ட்ஸ் குவாண்டத்தின் (ஒரு துணுக்கின்) ஆற்றல் 1.68 கெல்வினுக்குச் சமம் என்பதால், 1.3 கெல்வினில் நான்காம் படி மட்டும் போதாது. திருத்தத்தோடு சுமார் 207 மடங்கு வர வேண்டும்.

குறைவாக வந்தால் முதலில் ஃபோனான் நெரிசலைச் சந்தேகியுங்கள். ஸ்பின்கள் கொட்டும் ஆற்றலை அதே அதிர்வெண்ணுள்ள சொற்ப ஃபோனான்கள் ஹீலியத்துக்குக் கடத்த முடியாமல் திணறும். உயர்புலத்தில் இது கூடும். தகட்டின் தடிமனைப் பாதியாக்குங்கள், அல்லது 0.1% நியோடிமியப் படிகத்தை வையுங்கள். தளர்வு நேரம் குறைந்தால், முன்பு அளந்தது ஸ்பின்னை அல்ல, நெரிசலைத்தான்.