கனரக உரிமம் இருக்கிறது, லாரிதான் இல்லை: குமரி மாவட்டத்தில் முதல் வண்டி பிடிப்பது எப்படி?

கனரக வாகன உரிமம் கைக்கு வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்தின் முன் வைத்தார். ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது. அதற்குள் நாகர்கோவில் கோட்டாறில் நான் ஏறி இறங்காத லாரி ஷெட் இல்லை. "எந்த வண்டி ஓட்டியிருக்கிறாய், தம்பி?" என்று கேட்பார்கள். பயிற்சிப் பள்ளி வண்டி என்பேன். "சரி, சொல்லி அனுப்புகிறேன்" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போது கோபம் வந்தது. இப்போது உரிமையாளர் பக்கத்து நியாயம் தெரிகிறது. வண்டி பெரும்பாலும் தவணையில் ஓடுவது. பின்சக்கர டயர் ஒன்று கிழிந்தால் பல நடைகளின் மிச்சம் அதிலேயே போய்விடும். புதுப் பையன் வண்டியை முன்னால் ஓட்டிவிடுவான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சுமையோடு பின்னால் எடுப்பானா, புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நிறுத்துவானா, தூக்கம் வந்தால் ஓரம் கட்டுவானா என்பதே அவர் கவலை. இந்த மூன்றும் உரிமத்தில் அச்சாகி வருவதில்லை. நேரில்தான் காட்ட வேண்டும்.

படி 1: உரிமத்தைப் படியுங்கள்

சிரிக்க வேண்டாம், பலர் படிப்பதில்லை. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகு ரக உரிமம் எடுத்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். இதெல்லாம் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். போக்குவரத்து வகைக்கான செல்லுபடி 5 ஆண்டுதான். கார் உரிமத்தின் தேதியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டீசல், எரிவாயு டேங்கர் ஓட்ட ஆசையிருந்தால் ஆபத்தான சரக்குக்கான தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான குறிப்பும் வேண்டும். அதை இரண்டாம் வருடம் யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதியாக இருங்கள். அசல் உரிமத்தை யாரிடமும் 'பிணையாக' ஒப்படைக்காதீர்கள். நகல் கொடுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் சாலையில் அதுவே செல்லும். என் முதல் வேலையில் அசலைக் கொடுத்துவிட்டு, விலகும்போது அதைத் திரும்ப வாங்க மூன்று வாரம் அலைந்தேன்.

படி 2: சின்ன வண்டியில் தொடங்குங்கள்

பத்து சக்கர வண்டிதான் வேண்டும் என்று காத்திருப்பது வீண். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது. குட்டியானையோ மினி லாரியோ, கிடைத்ததில் ஏறுங்கள். வடசேரி சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி ஏற்றி வந்து, அந்த நெரிசலில் வண்டியைத் திருப்பிப் பழகியவனுக்குப் பெரிய வண்டியின் நீளம் சீக்கிரம் பிடிபடும்.

படி 3: எங்கே, எப்போது கேட்பது

காலை பதினொரு மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்காதீர்கள். வாடகை பேசும் நேரம் அது, உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பஞ்சர் கடைக்கும் எடைமேடைக்கும் போங்கள். எந்த வண்டி டிரைவர் இல்லாமல் நான்கு நாளாக நிற்கிறது என்பது உரிமையாளர் சங்கத்துக்குத் தெரியும் முன்பே பஞ்சர் ஒட்டுபவருக்குத் தெரியும்.

பருவமும் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை நாளில் மீன் வண்டிக்காரர்களே வேறு வேலை தேடுவார்கள். தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது போய் நின்றால் கதை வேறு. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்துச் செங்கல் சூளைகள் மழைக்கு மந்தமாகிவிடும். நமக்கோ வருடத்தில் இரண்டு மழைக்காலம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தடி லோடுக்கும் மழைதான் எதிரி.

புதியவருக்கு நல்ல நேரம் ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம். தோவாளைப் பூவும் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலையும் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற நாட்கள் அவை. பழைய டிரைவர்களுக்குத் தூக்கம் போதாமல் மாற்று ஆளைத் தேடுவார்கள். நான் உள்ளே நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

கல் குவாரி டிப்பரில் உடனே வேலை கிடைக்கும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நடைக் கணக்கில் சம்பளம் என்றால் அவசரம் பழகிவிடும், அது பிறகு போகாது.

படி 4: இரண்டு மாதம் கிளீனராகப் போங்கள்

"உரிமம் வாங்கிவிட்டுக் கிளீனரா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். தார்ப்பாய் விரிப்பதையும் கயிறு இறுக்குவதையும் எந்தப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பாருங்கள்: காற்றுள்ள டயர் கம்பியைத் துள்ளவிடும், சத்தம் கணீரென்று இருக்கும், காற்று இறங்கியது 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். பின்னால் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உள்டயர் இறங்கியிருந்தால் வெளிடயர் அதை மறைத்துவிடும். எனவே அதையும் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

சுமை இறக்கிய வண்டி திரும்பும்போது, நல்ல மனநிலையில் இருக்கும் டிரைவர் அண்ணாச்சி ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் காலி வண்டி பக்கவாட்டில் தள்ளும்; அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

படி 5: சோதனை ஓட்டம்

உரிமையாளர் சாவியை நீட்டியதும் தாவி ஏறாதீர்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எஞ்சினைப் போட்டபின் ஏர் பிரேக் முள் ஏறும்வரை காத்திருங்கள். அவர் பார்ப்பது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

பிறகு பின்னால் எடுக்கச் சொல்வார். கோட்டாறில் ஒரு கிட்டங்கி (கோடவுன்) சந்தில் என்னை எடுக்கச் சொன்னார்கள். கிளீனர் கண்ணாடியில் தெரிந்தார், பிறகு தெரியவில்லை. ஆள் அங்கேதான் இருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பின்பக்கக் கட்டை மின்கம்பத்தில் உரசியது. கிளீனர் ஒரு தள்ளுவண்டியை நகர்த்தப் போயிருந்தார். அன்று வேலை போனது.

ஆகவே முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: பாடியில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் வா. ஆள் கண்ணாடியில் இல்லையென்றால் வண்டி நகரக் கூடாது. சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள், இரண்டாவது முறையும் இறங்குங்கள். இறங்கிப் பார்ப்பவனை உரிமையாளர் குறைத்து மதிப்பதில்லை.

படி 6: படி பேசுவது

இந்தப் படி, டிரைவருக்குக் கிடைக்கும் படியை, அதாவது பேட்டாவைப் பற்றியது. சம்பளம் தனியா, நடைக்குப் படி மட்டுமா, வாடகையில் சதவீதமா என்று ஏறும் முன்பே கேளுங்கள். சாப்பாடு, சுங்கச்சாவடி, பஞ்சர், ஏற்றுக்கூலி யார் கணக்கு? காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா? கூச்சப்பட்டு விட்டுவிட்டால் துறைமுக வாசலில் இரண்டு நாள் இலவசமாக நிற்க வேண்டிவரும்.

படி 7: முதல் நடைக்கு முன் காகிதங்கள்

பதிவுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று, பெர்மிட், புகைச் சான்று: தேதியை நீங்களே பாருங்கள். களியக்காவிளை தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பொதுவாக இ-வே பில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். அதில் உள்ள வண்டி எண் உங்கள் வண்டியுடையதா? அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும்.

எடைமேடைச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். அதிகச் சுமைக்குச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தை உரிமையாளர் கட்டிவிடலாம். ஆனால் முடக்கினால் முடங்குவது உங்கள் உரிமம்.

பிறகு ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, என்ன சுமை, எவ்வளவு டீசல். அடுத்த உரிமையாளர் "எந்த வண்டி ஓட்டியிருக்கிறாய்?" என்று கேட்கும்போது அதை நீட்டலாம். என்னுடையதில் முதல் வரி இப்படி இருக்கிறது: "தோவாளை – திருவனந்தபுரம். பூ. வழியெல்லாம் மழை. பின்னால் எடுக்கும்போது நான்கு முறை இறங்கினேன்."