பாலிக்குப் போகும்போது 'நம்ம கோவில் மாதிரிதானே' என்று நினைக்காதீர்கள்

இந்தோனேசியத் தீவான பாலிக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலருக்கும் ஒரு தெம்பு இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் இந்துக்கள்தானே, நமக்குத் தெரியாத கோவில் பழக்கமா என்ற தெம்பு. அந்தத் தீவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் இந்துக்கள் என்பது உண்மைதான். சிவனும் விஷ்ணுவும் சரஸ்வதியும் அங்கே உண்டு, காயத்ரி மந்திரமும் உண்டு. ஆனால் நாம் அங்கே செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தத் தெம்பினால்தான் வருகின்றன. ஐரோப்பாவிலிருந்து வருபவருக்குத் தனக்கு எதுவும் தெரியாது என்று தெரியும், அதனால் கேட்டுக்கொள்கிறார். நாம் கேட்காமலே உள்ளே போய்விடுகிறோம்.

முதல் தவறு, சாமி பார்க்கப் போவது. நம் ஊரில் கோபுர வாசலைத் தாண்டினால் நேராகக் கருவறை வரை போய் மூலவரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். பாலியில் கோவிலுக்குப் 'புரா' என்று பெயர். பெரும்பாலும் கூரையில்லாத மூன்று முற்றங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. கடைசி முற்றமான 'ஜெரோவான்'தான் மிகப் புனிதமானது. அங்கே போனாலும் நாம் எதிர்பார்க்கும் சிலை இருக்காது. பத்மாசனம் என்ற உயரமான கல் இருக்கை காலியாக நிற்கும், பக்கத்தில் அடுக்கடுக்காகக் கறுப்புக் கூரை வேய்ந்த 'மேரு'க்கள் இருக்கும். பல கோவில்களில் 210 நாட்களுக்கு ஒருமுறை வரும் 'ஒடலான்' என்ற கோவில் திருவிழாவில் தெய்வங்கள் இறங்கி வந்து அங்கே அமர்வதாக நம்பிக்கை. அதனால் சுற்றுலாப் பயணிகள் வரும் பெரிய கோவில்களில் உள்முற்றத்தைக் கும்பிட வருபவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 'நானும் இந்துதான்' என்று வாசலில் நிற்பவரிடம் வாதாடுவதையும், சுவர்மேல் ஏறிப் படம் எடுப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

நிஜமாகவே கும்பிட வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. உள்ளூர் உடையில் போய், பூசாரியான 'பெமாங்கு'விடம் பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் மனம் குளிர்ந்து உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள். ஆண்கள் சம்மணமிட்டு, பெண்கள் மண்டியிட்டு, கூப்பிய கையின் விரல் நுனியில் பூவை வைத்து நெற்றிக்கு மேலே உயர்த்துகிறார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து, நனைத்த அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்ளத் தருவார்கள். நம் விபூதி குங்குமத்தைப் போலத்தான் அதுவும், வெளியே வந்த உடனே துடைத்துவிடாதீர்கள். யாராவது கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முன்னால் குறுக்கே நடப்பதும், பூசாரி உட்கார்ந்திருக்கும்போது அவரைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்பதும் பெரிய மரியாதைக் குறைவு.

உடை விஷயத்திலும் இதே குழப்பம். வேட்டியோ புடவையோ கட்டியிருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அங்கே இடுப்புக்குக் கீழே 'காமென்' என்ற சாரோங்கும், இடுப்பைச் சுற்றி 'செலண்டாங்' என்ற துணிப்பட்டையும் வேண்டும். இந்தப் பட்டைதான் முக்கியம். கீழான ஆசைகளை இடுப்புக்குக் கீழேயே நிறுத்திவைப்பதாக அதற்கு ஒரு பொருள் சொல்வார்கள். ஆகவே புடவையே கட்டியிருந்தாலும் வாசலில் ஒரு செலண்டாங் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தோளும் மறைந்திருக்கட்டும். மாதவிலக்கு நாட்களில் இருப்பவர்கள், வீட்டில் சாவு நடந்து தீட்டில் இருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள். உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் அது அவர்கள் வீட்டு வாசல்.

தம்பக்சிரிங்கில் உள்ள தீர்த்த எம்புல் கோவிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் ஊற்றுநீர்த் தலம் அது. குளத்துக்குள் இறங்கி, வரிசையாக நீர் கொட்டும் கல் வாய்கள் ஒவ்வொன்றின் கீழும் தலையை நனைத்துக்கொண்டு போக வேண்டும். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும், தவறு நடப்பதும் அங்கேதான். வரிசையை முழுதாக முடித்தால்தான் புண்ணியம் என்று எல்லா வாயிலும் தலையைக் கொடுக்கிறோம். அந்த வரிசையில் இரண்டு வாய்கள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை, உயிரோடு இருப்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். எவை என்று இறங்கும் முன்பே உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, குளத்தில் குதித்து விளையாடுவது எதுவும் வேண்டாம்.

அப்புறம், கீழே பார்த்து நடங்கள். உபுத் என்ற ஊரில் நான் தங்கியிருந்த வீட்டில் காலையில் அந்த வீட்டு அம்மா ஒரு தட்டு நிறைய ஓலைப் பெட்டிகளோடு வருவார். உள்ளங்கை அளவுதான் இருக்கும், தென்னங்குருத்தை மடித்துச் செய்தது. அதில் திசைக்கு ஒரு நிறமாகப் பூ: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. மேலே ஒரு பிஸ்கட் துண்டோ மிட்டாயோ. உயரமான மாடத்தில் ஒன்று, படியில் ஒன்று, வாசல் தரையில் ஒன்று என்று வைத்து, ஊதுவத்தி ஏற்றி, பூவால் தண்ணீர் தெளித்து, வலது கையை மெல்ல அசைத்துப் புகையை முன்னே அனுப்புவார். ஒரு சொல்கூடப் பேசமாட்டார். இதுதான் 'சனாங் சாரி'. கடை வாசல், நடைபாதை, டாக்சியின் முன்பக்கம் எங்கும் இருக்கும். நம் வீட்டு வாசல் கோலத்தை ஒருவர் செருப்புக் காலால் தேய்த்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அதே உணர்வுதான். ஊதுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது தாண்டாமல் சுற்றிப் போங்கள். புகை அடங்கிய பிறகு கோழியும் நாயும் வந்து தின்னும், அதை யாரும் விரட்டமாட்டார்கள். தெரியாமல் மிதித்துவிட்டால் நின்று மன்னிப்புக் கேளுங்கள், போதும்.

நம் பாசம்கூட அங்கே தவறாகிவிடலாம். குழந்தையைக் கண்டால் தலையைத் தடவிக் கொடுப்பது நமக்குக் கைவந்த பழக்கம். பாலியில் தலை உடம்பிலேயே புனிதமான இடம், முன்பின் தெரியாதவர் தொடக்கூடாது. கை கூப்பி 'ஓம் சுவஸ்தியஸ்து' என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். காசு கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். டிரைவரையோ கடைக்காரரையோ 'ப்ளி' என்று கூப்பிடலாம், அண்ணன் என்று பொருள். குரலை உயர்த்திப் பேரம் பேசினால் விலை இறங்காது, அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்து ஊர் என்றால் சைவம் எளிதில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முழுப் பன்றியைச் சுட்ட 'பாபி குலிங்' அங்கே படையலிலேயே இருக்கும். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கும் தட்டிலும் 'சம்பல்' என்ற மிளகாய்ச் சட்னிக்குள் 'தெராசி' என்ற இறால் விழுது ஒளிந்திருக்கும், ஓரத்தில் வைக்கும் அப்பளம் போன்ற 'குருபுக்' பல நேரம் இறால் சேர்த்தது. "தன்பா தெராசி, தன்பா உடாங், தன்பா இக்கான்" என்று சொல்லிப் பழகுங்கள். தன்பா என்றால் இல்லாமல், உடாங் இறால், இக்கான் மீன். தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டி, தாஹு என்ற சோயாப் பன்னீர், வேகவைத்த காய்க்கு நிலக்கடலைக் குழம்பு ஊற்றிய காடோ-காடோ மூன்றும் நம் வாய்க்கு ஒத்துவரும். அவற்றுக்கும் இந்த மூன்று 'தன்பா'வைச் சொல்லிவிடுங்கள்.

பணத்தில் சுழியங்கள் குழப்பும். ஒரு லட்சம் ருப்பியா நோட்டு சிவப்பு, நம் காசில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். வெளியே ஆசைகாட்டும் விலையை எழுதிப்போட்ட சந்துக் கடைகளில் மாற்றாதீர்கள். நீங்கள் எண்ணி முடித்த கட்டை அவர் 'இன்னொரு தடவை' என்று கையில் வாங்கினால், அந்த நொடியில் நாலைந்து தாள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிடும். கடைசியாக எண்ணும் கை உங்களுடையதாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தலைக்கு ஒன்றரை லட்சம் ருப்பியா தீவுக் கட்டணம் உண்டு. விசாவுக்குக் கட்டுவதற்கு மேல் இது தனி.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இருசக்கர வாகனமும் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். கடலில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவு தண்ணீருக்குக்கூட இறங்காதீர்கள், கூட்டா கடற்கரையில் அடியிழுப்பு பலமானது. உளுவத்து கோவிலில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், அங்குள்ள குரங்குகள் பிடுங்கி வைத்துக்கொண்டு தீனி கொடுத்தால்தான் திருப்பித் தரும். பாலியில் 2008 முதல் வெறிநோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், சின்னக் காயம்தானே என்று விடாமல் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் 'ஞெபி' என்றைக்கு என்று பாருங்கள். பாலியின் சக ஆண்டுக் கணக்குப்படி வருடப் பிறப்பு அது, நம் பக்கத்து யுகாதியை ஒட்டி மார்ச் மாதம் வாக்கில் வரும். 2026ல் மார்ச் 19. காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை தீவு முழுவதும் மௌனம். விமான நிலையம் மூடிவிடும், கடை கிடையாது, தெருவில் யாரும் நடக்கக்கூடாது, விளக்கு வெளியே தெரியக்கூடாது. 'பெச்சலாங்' என்ற ஊர்க்காவலர்கள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு ரோந்து வருவார்கள். 2018 முதல் மொபைல் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். மருத்துவ அவசரம் என்றால் மட்டும் வழி விடுவார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் முந்தைய நாள் மதியத்துக்குள் பால், பழம், ரொட்டி, மருந்து எல்லாம் வாங்கி அறையில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் 'ஓகோ-ஓகோ' பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே தெருவுக்கு வந்த பிறகு வண்டி நகராது.