வைத்தியசாலையிடம் தகவல் கேட்டு எழுதும் முறை

அரச வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில் என்ன இருப்பு இருந்தது, ஒரு விடுதிக்கு (வார்டுக்கு) அங்கீகரிக்கப்பட்ட தாதியர் எண்ணிக்கை என்ன, பழுதான எக்ஸ்ரே இயந்திரத்தைத் திருத்தித் தருமாறு யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பவற்றையெல்லாம் கேட்டறியும் உரிமையை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் இலங்கைப் பிரசைகள் அனைவருக்கும் வழங்கியிருக்கிறது. சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் என் கையில் கிடைத்துத் திருத்திக் கொடுத்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தகவலைக் கேட்கவில்லை, நியாயம் கேட்டன.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அயலிலுள்ள மாமி ஒருவர் நீரிழிவு கிளினிக்குக்குப் போய்த் திரும்பி வந்து, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த மருந்துத் துண்டை நீட்டி, "மருந்து இல்லையாம் மகன், வெளியில வாங்கட்டாம்" என்றார். அதே மாத்திரைக்கு அது மூன்றாவது துண்டு. "ஏழை நோயாளருக்கு ஏன் மருந்து வழங்கப்படவில்லை?" என்று அன்றிரவே எழுதினேன். தட்டுப்பாடு நிலவியது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. சட்டம் நமக்குத் தருவது, அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவைப் பார்க்கவும் அதன் பிரதியைப் பெறவுமான உரிமை.

இரண்டாவது கடிதத்தை இப்படி மாற்றினேன்: "இவ்வாண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம் மாத்திரையின் வரவு, வழங்கல், மீதி ஆகியவற்றைக் காட்டும் களஞ்சியப் பதிவேட்டுப் பக்கங்களின் பிரதியும், அதே காலத்தில் அம்மாத்திரையைக் கோரி பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவுக்கு அனுப்பப்பட்ட கடிதங்களின் பிரதியும் தேவை." பொருள், காலம், ஆவணம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. பக்கங்கள் வந்தன. மீதிக் கட்டத்தில் பூச்சியம் விழுந்த பிறகே கோரிக்கைக் கடிதம் புறப்பட்டிருந்ததைத் திகதிகளே காட்டின.

யாருக்கு எழுதுவது என்பதில் நம் பகுதியில் அதிகம் தவறு நேர்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. ஆகவே தகவல் கோரிக்கைகளைக் கையாளும் அங்குள்ள தகவல் அலுவலருக்கே நேரடியாக எழுதலாம். மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலைகளுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கும் மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் கரையோரப் பகுதிகள் கல்முனைப் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. எனவே திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர், மாவட்டத்தின் பெயரைப் பார்த்து அம்பாறைப் பணிமனைக்கு எழுதினால் நாட்கள்தான் வீணாகும். தகவல் அலுவலரின் விபரத்தை அலுவலகத்தில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அறிவித்தலாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிட்டால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார்.

படிவம் கிடைக்காவிட்டாலும் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை; சொல்லாமல் விடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமை. நேரில் கொடுப்பவர்கள், விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஏற்பைக் கையோடு பெற்றுக்கொள்ள வேண்டும். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பதிலுக்கான நாட்கணக்கு அந்தத் திகதியிலிருந்துதான் தொடங்குகிறது.

நோயாளரின் மருத்துவப் பதிவுகளைக் கேட்கும்போது ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. உங்கள் சொந்த விடுதி டிக்கட்டின், அதாவது விடுதியில் இருந்தபோது எழுதப்பட்ட சிகிச்சைப் பதிவின், பிரதியை நீங்கள் கேட்கலாம். ஆனால் இன்னொருவருடைய மருத்துவப் பதிவை, அவர் தாயாகவோ கணவராகவோ இருந்தாலும், அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பெற முடியாது. இது நோயாளியைக் காக்கும் வேலி. ஆகவே சம்மதக் கடிதத்தில் அவரிடமே கையொப்பம் வாங்கி, விண்ணப்பத்துடன் முதலிலேயே இணைத்துவிடுங்கள். ஒரு விடுதியில் எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள் என்பது போன்ற, ஆளை அடையாளம் காட்டாத எண்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

தருவதா மறுப்பதா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். தருவதாயின், கட்டணம் இருந்தால் அது செலுத்தப்பட்ட பின், தீர்மானத்திலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆவணங்கள் மிகுதியாக இருந்தால் மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம், அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் பிரசையின் உயிரோடும் ஆள் சுதந்திரத்தோடும் தொடர்புடைய கோரிக்கை என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

மறுத்தாலோ, மௌனமாக இருந்தாலோ, அதே நிறுவனத்தில் மேன்முறையீடுகளைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் திருப்தி தராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். முதல் விண்ணப்பத்தின் பிரதி, ஏற்புக் கடிதம் அல்லது பற்றுச்சீட்டு, வந்த பதில்கள் ஆகிய அனைத்தையும் திகதி வரிசையில் அடுக்கி அதனுடன் இணையுங்கள்.