மார்பகப் புற்றுநோய்: ஐ.எச்.சி. ரிப்போர்ட்டில் சறுக்கும் இடங்கள்

“கட்டின்னு தெரிஞ்சுபோச்சு, முதல்ல அறுத்து எடுத்துருங்க டாக்டர்.” உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்கு வரும் குடும்பங்கள் பதறிப்போய்க் கேட்பது இதைத்தான். பதற்றம் நியாயமானது. ஆனால் வேகமாக வளரும் மார்பகப் புற்றுநோயில் இந்த அவசரம்தான் பெரிய தவறு என்பேன்.

ஊசி மூலம் எடுத்த சதையில் ஐ.எச்.சி. (சதையில் நிறமேற்றிப் புரதங்களைக் கண்டறியும்) சோதனை செய்து, ஹார்மோனை ஏற்கும் ஈ.ஆர்., பி.ஆர்., கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற மூன்று புரதங்களைப் பார்ப்பார்கள். கூடவே அணுக்கள் பெருகுவதைக் காட்டும் கி-67. ஹெர்2 பாசிட்டிவ் என்றாலோ, மூன்றுமே இல்லாத டிரிபிள் நெகட்டிவ் என்றாலோ, கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் அல்லது அக்குளில் நெறி கட்டியிருந்தால் பெரும்பாலும் முதலில் மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன். மருந்துக்குப் பிறகு எடுத்த சதையில் புற்றணு எதுவும் மிச்சமில்லை என்றால் அது மிக நல்ல அறிகுறி. மிச்சம் இருந்தாலும் வழி உண்டு: ஹெர்2 வகைக்கு டி-டிஎம்1 என்ற ஊசி மருந்து, டிரிபிள் நெகட்டிவுக்கு கேப்சிடபின் மாத்திரை என்று அடுத்த மருந்தைத் தீர்மானிக்கலாம். முதலிலேயே அறுத்துவிட்டால் இந்தத் தகவல் போனது போனதுதான். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து பயாப்ஸியைத் தவிர்ப்பவர்களுக்கும் இதே கதிதான். அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடையாது.

அடுத்தது, சதையைப் போட்டு லேபுக்கு அனுப்பும் பாட்டில். சின்ன ஊரில் ஆபரேஷன் முடிந்து, சதையை உறவினர் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவது இன்னும் நடக்கிறது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி லேபைத் தேடிக் கண்டுபிடித்து மூடியைத் திறந்தால் உள்ளே சலைன், சில சமயம் ஸ்பிரிட். இருக்க வேண்டியது 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின். சதையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். கெட்டுப்போன சதையில் ஈ.ஆர். இருந்தும் இல்லை என்று வரலாம். அப்படி வந்தால் ஐந்து வருடம் சாப்பிட வேண்டிய ஹார்மோன் மாத்திரையே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும். பாட்டிலில் என்ன ஊற்றியிருக்கிறது என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ரிப்போர்ட்டின் ஹெர்2 வரியில் 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை, ஹெர்2 மரபணு அதிகமாகப் பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் சோதனை வேண்டும். செலவைப் பார்த்து இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்கவே கூடாத இடம் இது. ஒரு காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்றாலே கெட்ட செய்தி. 1998இல் அமெரிக்காவில் ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அனுமதி பெற்ற பிறகு நிலைமை தலைகீழானது. பெரிய ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில், சோதனைக்கும் மருந்துக்கும் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள்.

கி-67 60 சதவீதம் என்றதும் “அறுபது பர்சன்ட் பரவிருச்சு” என்று வீட்டில் அழுகிறார்கள். பரவலுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. எத்தனை சதவீத அணுக்கள் பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதை மட்டும் அது சொல்கிறது. டிரிபிள் நெகட்டிவில் பொதுவாகவே அதிகமாகத்தான் இருக்கும்; அப்படி வேகமாகப் பெருகும் அணுக்கள்தான் பல சமயம் கீமோவுக்கு நன்றாகக் கரைகின்றன. கட்டியின் அளவு, நெறி, கிரேடு (அணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது) எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆயுளைக் கணக்குப் போடக் கூடாது.

ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 15-3 என்ற புற்றுநோய்க் குறியீடு வேறு விஷயம். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அது நார்மலாகவே இருக்கலாம். அதை நம்பி கட்டியை அலட்சியம் செய்யாதீர்கள்.

டிரிபிள் நெகட்டிவ் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வரும், ஐந்து வருடம் தாண்டினால் அந்த வாய்ப்பு நன்றாகக் குறையும். அதனால் “நல்லாத்தானே இருக்கேன்” என்று அந்த வருடங்களில் செக்கப்பை விடாதீர்கள். புற்றுநோய் பரம்பரையாக வருகிறதா என்று காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்; அக்கா தங்கைக்கும் மகளுக்கும் அது தேவைப்படும் தகவல். நுரையீரலிலோ கல்லீரலிலோ நோய் மறுபடி தென்பட்டால், பழைய ரிப்போர்ட்டை வைத்தே மருந்து எழுதச் சொல்லாதீர்கள். முடிந்தவரை புதிதாகச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 புரதங்கள் மாறியிருக்கலாம். சதையை மெழுகில் பதித்து வைத்த பழைய பிளாக் எந்த லேபில் இருக்கிறது, அதன் எண் என்ன என்பதை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.