பழைய விமானத் திடலின் வரலாற்றை எழுதுவது எப்படி?

மலேசியாவில் எங்கள் பட்டர்வொர்த் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் திடல்களைப் பற்றி எழுதக் கிளம்பும் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே "1941 முதல் 1945 வரை" என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். ஒரு திடல், ஒரே ஒரு நாள். அது போதும் தொடங்க.

சுங்கைப் பட்டாணி என்றால் 1941 டிசம்பர் 8. பிரிட்டிஷ் 27ஆம் விமானப் படைப்பிரிவின் பிளென்ஹைம் விமானங்களும் ஆஸ்திரேலிய 21ஆம் பிரிவின் பஃபலோ விமானங்களும் அங்கே இருந்தன. ஆஸ்திரேலியர்கள் விர்ராவே விமானங்களை விட்டு பஃபலோ ஓட்டப் பழகியதே அந்த ஆண்டில்தான். காலையில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. அன்றைக்கே மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டார்கள்.

இதற்கான ஏடுகள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். படைப்பிரிவுகளுக்கு ஏஐஆர் (AIR) 27 வரிசை, தளங்களுக்கு ஏஐஆர் 28. படிவம் 540 அன்றாட நடப்பைச் சொல்லும். 541 ஒவ்வொரு பறப்பையும் சொல்லும். ஆஸ்திரேலியப் பிரிவுகளுக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ9186 (A9186) வரிசை. பழைய நாளிதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகப் படிக்கலாம்; ஊர்ப்பெயரை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டிலும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி செய்தி சிக்காது.

ஆனால் ஏட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் கதை தெரியுமல்லவா? டிசம்பர் 9, பட்டர்வொர்த்தில் அவர் விமானம் எழும்பிய நேரத்தில் கீழே குண்டு விழுந்து மற்றவை நாசமாயின. அவர் விமானம் மட்டும் தனியாகவே, ஜப்பானியர் கையிலிருந்த தாய்லாந்தின் சிங்கோராவுக்குப் போய்த் தாக்கியது. படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கி, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வந்ததோ 1946இல். பின்வாங்கியபோது ஆவணங்கள் தொலைந்துபோனதால், பிழைத்தவர்கள் வாய்திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ரப்பர் தோட்டத்து ஆட்கள் எந்தப் படிவத்திலும் இல்லை. அவர்கள் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று முடித்துக்கொள்வார்கள். "விமானச் சத்தம் கேட்டால் எங்கே ஒளிவார்களாம்? பால் வாளியை என்ன செய்வார்களாம்?" என்று கேளுங்கள். என் பாட்டி குண்டைவிட அன்றைக்குக் கிராணி (தோட்டக் கணக்குப்பிள்ளை) பேர் பதியாததைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தத் திட்டு எந்தப் படிவத்துக்கும் குறைந்ததல்ல. சொன்னவர் பேரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட கதையா, கண்ட கதையா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக இடத்தைப் பார்க்கப் போங்கள். பட்டர்வொர்த் இன்றும் ஆகாயப்படைத் தளம். வேலியில் "கவாசான் லாராங்கான்" (தடைசெய்யப்பட்ட பகுதி) பலகை தொங்கினால் கேமராவைப் பைக்குள் வையுங்கள். தைப்பிங் போர் மயானத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஸ்கார்ஃப் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லில் உள்ள தேதிகளை உங்கள் குறிப்போடு ஒத்துப் பாருங்கள்.