குதிரையின் காலில் ஆழமான காயம்: வீட்டில் கட்டுப் போடுவது முதல் நடக்க விடுவது வரை

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கி வந்த எங்கள் பெண் குதிரை, மூன்றாம் மாதமே முள்கம்பியில் இடது பின்னங்காலை மாட்டிக்கொண்டாள். மூட்டுக்கும் குளம்புக்கு மேலே இருக்கும் கணுவுக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்து தொங்கியது. மருத்துவர் வந்தார், கழுவித் தைத்தார், ஊசி போட்டார். அதற்குப் பிறகு பத்து வாரம் எங்கள் கையில்தான். இந்தப் பதிவு அந்தப் பத்து வாரத்துக்கானது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். காயம் மூட்டை ஒட்டி இருந்தால், பார்க்கச் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். குதிரைக்கு அந்த நோய் மிகச் சுலபமாக வரும். அதன் கிருமி லாயத்து மண்ணிலும் லத்தியிலும்தான் கிடக்கிறது.

1. கழுவுதல்

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு 9 கிராம். இது போதும். மருத்துவர் சொன்னால் போவிடோன் அயோடினைப் பால் ஊற்றாத லேசான டீ நிறத்துக்குக் கலந்துகொள்ளுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால், மஞ்சள், வேப்பெண்ணெய் எதையும் காயத்துக்குள் விடாதீர்கள். பெராக்சைடு கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் கொன்றுவிடும். ஈ வராமல் இருக்க மருந்து தடவுவதென்றால் காயத்தைச் சுற்றி மட்டும்.

2. கட்டுப் போடுதல்

நான் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குதிரைக்கு மூட்டுக்குக் கீழே தசையே கிடையாது. தோல், தசைநாண், எலும்பு, அவ்வளவுதான். நம் காலில் கட்டுவதுபோல மெல்லிசாகப் பஞ்சு வைத்து இறுக்கினால், அந்த அழுத்தம் முழுவதும் பின்புறத் தசைநாண் மேல் விழும். முதல் கட்டு அவிழ்ந்து விழக்கூடாது என்று நான் இறுக்கிக் கட்டினேன். காலையில் அவிழ்த்தபோது கட்டின் மேல்விளிம்பில் கயிறு கட்டிய தடம்போல ஒரு பள்ளம், அதற்கு மேலே வீக்கம். தொட்டதும் காலை உதறினாள். காயத்தோடு இன்னொரு காயத்தை நானே உண்டாக்கியிருந்தேன்.

சரியான முறை இது. காயத்தின் மேல் ஒட்டாத சுத்தமான துணி. அதன்மேல் பஞ்சை ஒரு அங்குலக் கனம் வருகிற வரை சுற்றுங்கள். 500 கிராம் உருளையில் பாதி ஆகும், கஞ்சத்தனம் வேண்டாம். பஞ்சில் சுருக்கமோ முடிச்சோ இருந்தால் பிரித்து மறுபடி சுற்றுங்கள். அதற்கு மேல் 6 அங்குல கிரேப் பேண்டேஜ், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி. முன்பக்கமாக வெளியே போய், பின்பக்கமாக உள்ளே வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடது காலுக்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, வலது காலுக்கு முள்ளின் திசை. மேலும் கீழும் விரலளவு பஞ்சு வெளியே தெரியட்டும். கடைசியில் மேல்விளிம்பில் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

தானாக ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் கிரேப்தான் சொல்வேன். அந்த ஒட்டு வகையைக் கை தெரியாமல் இழுத்துவிடுவோம், அது இளகாது.

3. நல்ல காலைப் பாருங்கள்

எல்லோர் கண்ணும் அடிபட்ட காலிலேயே இருக்கும். ஆனால் வலியில் குதிரை எடை முழுவதையும் எதிர்க்காலில் போட்டு நிற்கும். நின்றபடியே இருந்தால் அந்தக் குளம்புக்குள் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பைக் குளம்போடு பிடித்திருக்கும் திசு அழற்சியாகிப் பிரிய ஆரம்பிக்கும். 2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு இதுதான் நடந்தது. மே 20 அன்று ப்ரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் உடைந்தது. தகடும் 27 திருகுகளும் வைத்துச் சேர்த்தார்கள். அது கூடி வந்துகொண்டிருந்த நேரத்தில் இடது பின்னங்குளம்பு கெட்டது. 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உலகத்தரமான மருத்துவமனையிலேயே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அதனால் இரண்டு பின்னங்காலுக்கும் கட்டுப் போடுங்கள், லாயத்தில் வைக்கோலையோ மணலையோ ஆழமாகப் பரப்புங்கள். காலையும் மாலையும் கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை மெதுவாக வைத்து நாடி பாருங்கள். நலமாக இருக்கும் குளம்புக்கு அது தேடினால்தான் கிடைக்கும். திண் திண்ணென்று விரலில் மோதினால், குளம்பும் சூடாக இருந்தால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். குதிரை நலமாக இருக்கும்போதே இந்த நாடியைத் தேடிப் பழகிவிடுங்கள்.

4. சதை பிதுங்கினால்

மூன்றாவது வாரத்தில் காயத்திலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை மேலே எழும்பும். தோல் மட்டத்தைத் தாண்டிவிட்டால் மேல்தோல் வந்து மூடாது. மருத்துவர் வெட்டிச் சமப்படுத்துவார். அதில் நரம்பு இல்லாததால் வலிக்காது, ஆனால் ரத்தம் நிறைய வரும், பயப்பட வேண்டாம். துத்தம் போட்டுச் சுடாதீர்கள்.

5. தீனியும் நடையும்

வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளைக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். எங்களுடையவள் சுமார் 350 கிலோ. தினம் 6 கிலோ காய்ந்த புல்லை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், லத்தி போடுவதை எண்ணுங்கள். குறைந்தால் வயிற்றுவலி வரப்போகிறது.

மருத்துவர் சரி என்ற பிறகு, கடிவாளம் போட்டு, சமமான கெட்டித் தரையில் ஐந்து நிமிடம் நடத்துங்கள். அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். வலி மாத்திரை கொடுத்த நாளில் கூடுதலாக நடத்தாதீர்கள், வலி தெரியாமல் துள்ளித் தையலைப் பிய்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: படித்த இரண்டு பேர், குதிரை கட்டுத் துணியைக் கடித்துக் குதறுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். முதலில் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் இறுக்கமோ உள்ளே சீழோ இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வெளிச்சுற்றில் துணி சோப்பை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். மழையில் நனைந்த கட்டையும் அப்படியே விடாதீர்கள். மேலே பாலிதீன் சுற்றினால் ஈரம் உள்ளேயே வேகும், உடனே மாற்றுவதுதான் வழி.